பழைய லேப்டாப்பை எங்கே வாங்குவது: தெரிந்தவரிடமா, ஊர்க் கடையிலா, ஓஎல்எக்ஸிலா, திருவனந்தபுரத்திலா?

கல்லூரிச் சேர்க்கை தொடங்கியதும் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. பிள்ளைக்கு எஞ்சினியரிங் சீட் கிடைத்துவிட்டது, கையில் இருபது, இருபத்தைந்தாயிரம் இருக்கிறது, புது லேப்டாப்புக்குக் காணாது, பழையது எங்கே வாங்கலாம்? கூடவே ஒரு ஸ்கிரீன்ஷாட்டும் வரும். ‘ஐ7, 16 ஜிபி, 11,000 ரூபாய், அவசர விற்பனை.’ அதில் ஏதோ சரியில்லை என்று கேட்பவருக்கே தெரிந்திருக்கும். இருந்தாலும் யாராவது ‘வாங்கு’ என்று சொல்லிவிட மாட்டார்களா என்று ஒரு ஆசை.

குமரி மாவட்டத்துக்காரருக்கு வழி நான்கு. தெரிந்தவர் கையில் இருப்பதை வாங்கலாம். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் வாங்கலாம். ஓஎல்எக்ஸ், பேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் பார்த்து முகம் தெரியாத ஒருவரிடம் வாங்கலாம். கம்பெனிகள் கழித்துவிட்ட லேப்டாப்பை மொத்தமாக எடுத்து விற்கும் திருவனந்தபுரம், சென்னைக் கடைகளுக்குப் போகலாம். கீழே ‘லீஸ் கடை’ என்று சொல்வது இவற்றைத்தான்.

## எதை வைத்து அளப்பது

விலையைக் கடைசியில் பார்ப்போம். அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை சில இருக்கின்றன.

முதலாவது, அந்த லேப்டாப் விற்பவருடையதுதானா? திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நினைக்கக் காரணம் இருந்தும் கண்டுகொள்ளாமலோ வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆவது பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை உண்டு. 2024 ஜூலைக்கு முன்னால் இது இந்திய தண்டனைச் சட்டத்தின் 411ஆவது பிரிவாக இருந்தது. ‘எனக்குத் தெரியாது சார்’ என்று சொல்லி நீங்கள் தப்பிக்கலாம், லேப்டாப் தப்பிக்காது. திருடியவனுக்கே இல்லாத உரிமையை அவனால் உங்களுக்கு விற்க முடியாது. போலீஸ் எடுத்துக்கொண்டு போகும், கோர்ட் வழியாக உரியவர் கைக்குப் போகும், உங்கள் பணம் போனது போனதுதான். பாதி விலைக்கும் கீழே, பில் இல்லை, சார்ஜர்கூட இல்லை என்ற நிலையில் வாங்கிவிட்டு, சந்தேகமே வரவில்லை என்று ஸ்டேஷனில் சொன்னால் யார் நம்புவார்கள்?

போன் விஷயத்தில் ஒரு வசதி உண்டு. போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐயை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போட்டால் அது முடக்கப்பட்டதா இல்லையா என்று காட்டிவிடும். லேப்டாப்புக்கு அப்படி ஒரு பொதுப் பதிவேடு கிடையாது. அதனால் காகிதத்தையும் ஆளையும்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

இரண்டாவது, பூட்டு. கம்பெனி லேப்டாப்புகள் வெளியே இருந்தபடியே நிர்வகிக்கும் ஏற்பாட்டோடு வருபவை. பயாஸில், அதாவது விண்டோஸ் தொடங்கும் முன்னாலேயே ஓடும் அடிப்படை அமைப்பில், பாஸ்வேர்ட் இருக்கலாம். கம்பெனியின் கணக்கோடு அந்த மெஷின் கட்டப்பட்டிருக்கலாம். ஆப்பிள் மேக்புக் என்றால் ஆக்டிவேஷன் லாக், அதாவது பழைய உரிமையாளரின் கணக்கோடு கட்டிய பூட்டு, இருக்கலாம். வாங்கும் அன்று நன்றாக ஓடிய மெஷின், முதல் முறை எல்லாவற்றையும் அழித்து ரீசெட் செய்த அன்று கல்லாகிவிடும்.

மூன்றாவது, நாளைக்கு அந்த ஆளைப் பிடிக்க முடியுமா? ஒரே மாடல் ஒரு இடத்தில் 14,000, இன்னொரு இடத்தில் 19,000 என்றால் அந்த 5,000 பெரும்பாலும் இதற்கான விலைதான். ஆள் கிடைப்பார் என்றால் மற்ற குறைகளைப் பேசிச் சரிசெய்யலாம் என்பது என் எண்ணம். ஆகவே நான்கில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் இதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நான்காவது, பின்னால் வரும் செலவு. விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துவிட்டது. விண்டோஸ் 11 முறையாக ஓட வேண்டுமென்றால் இன்டெல் பிராசசர் 8ஆம் தலைமுறையாவது இருக்க வேண்டும். ‘ஐ5’, ‘ஐ7’ என்று மட்டும் சொன்னால் ஒன்றும் சொன்னதாகாது. பின்னால் வரும் எண்தான் முக்கியம்: ஐ5-8250யூ என்றால் 8ஆம் தலைமுறை, ஐ7-6600யூ என்றால் 6ஆம் தலைமுறை. அந்த 11,000 ரூபாய் விளம்பரங்களில் எண்ணை எழுதவே மாட்டார்கள். ரேமும் இப்போது சும்மா கிடைப்பதில்லை. 2025 கடைசியில் இருந்து விலை ஏறிக் கிடக்கிறது. ‘8 ஜிபி வாங்கி அப்புறம் 16 ஆக்கிக்கலாம்’ என்ற பழைய கணக்கு இப்போது உதைக்கும்.

| | உரிமைக்கு ஆதாரம் | பூட்டு அபாயம் | நாளை ஆள் கிடைப்பாரா | மறைந்த செலவு |
|---|---|---|---|---|
| தெரிந்தவர் | பழைய பில், கேட்க மனம் வந்தால் | ஆபீஸ் லேப்டாப் என்றால் மிக அதிகம் | கிடைப்பார் | பேட்டரி, துரு, மனத்தாங்கல் |
| ஊர் சர்வீஸ் கடை | சீரியல் எண்ணோடு கடை பில் | குறைவு | கிடைப்பார் | தரம் குறைந்த பேட்டரி, மாற்றிய பாகங்கள் |
| ஓஎல்எக்ஸ், மார்க்கெட்பிளேஸ் | விற்பவர் காட்டினால் உண்டு | அதிகம் | சந்தேகம் | முழுப் பணமும் |
| திருவனந்தபுரம், சென்னை லீஸ் கடை | வரி பில் | குறைவு, ஆனாலும் சோதிக்க வேண்டும் | கடை அங்கேயே இருக்கும் | போக்குவரத்து, காத்திருப்பு |

## தெரிந்தவர்

கேட்க நன்றாக இருக்கும். பல வீட்டில் நடப்பது வேறு. பெங்களூரில் வேலை பார்க்கும் மருமகன் வந்து, ‘மாமா, கம்பெனி தந்த லேப்டாப், வேலையை விட்ட பிறகு அவங்க திரும்பக் கேக்கவே இல்ல, நீங்க எடுத்துக்கோங்க’ என்கிறார். கேட்கவில்லை என்பதால் அது அவருடையதாகிவிடாது. கம்பெனி என்றைக்காவது கணக்குப் பார்த்து, ஒரு பட்டனைத் தட்டிப் பூட்டிவிடும். வேலையை விடும்போது கம்பெனியே விலை போட்டு ஊழியருக்குக் கொடுப்பதும் உண்டு. அப்படியென்றால் ஒரு கடிதமோ இன்வாய்ஸோ இருக்கும். அதைக் கேளுங்கள்.

நம் ஊரில் அடிக்கடி காதில் விழும் இன்னொன்று, ‘கல்ஃப்ல இருந்து கொண்டு வந்தது’. வளைகுடாவில் இருந்து வரும் பயணி ஒருவர், 18 வயது ஆகியிருந்தால், ஒரு லேப்டாப்பைத் தீர்வை இல்லாமல் கொண்டு வரலாம். கீபோர்டில் அரபி எழுத்து, சார்ஜரில் சதுரமான மூன்று பின், கையில் துபாய் கடை ரசீது என்றால் பொருள் சரிதான், இன்டர்நேஷனல் வாரண்டி மிச்சம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கலாம். ஒரே ஆளிடம் நாலைந்து ‘கல்ஃப்’ லேப்டாப், அத்தனையிலும் இங்கிலீஷ் கீபோர்ட், ஒன்றுக்கும் ரசீது இல்லை என்றால் அந்தக் கதையை நம்பாதீர்கள்.

2011-இல் இருந்து தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த இலவச லேப்டாப்புகளும் கைமாறுகின்றன. மூடியில் அரசு முத்திரை இருக்கும். அதை மறைக்க ஸ்கின் ஒட்டியிருப்பார்கள். அதை விற்பதும் தப்பு, வாங்குவதும் வம்பு. பழையவற்றின் பிராசசரைப் பார்த்தால் வாங்கி என்ன பயன் என்றும் தோன்றும்.

உறவுக்காரரிடம் பில் கேட்பது ஒரு சங்கடம். ‘சித்தப்பா, வாரண்டி எப்போ முடியுதுன்னு பாக்கணும், பில் இருந்தா ஒரு போட்டோ அனுப்புங்க’ என்று கேட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

குளச்சல், முட்டம் என்று கடலோரத்தில் ஓடிய மெஷினா என்றும் பாருங்கள். உப்புக்காற்று வெளியே தெரியாது. அடிப்பக்க ஸ்குரூவில் துரு, யுஎஸ்பி போர்ட்டுக்குள் பச்சை படிந்திருப்பது, மூடியைத் திறக்கும்போது கீல் நறநறப்பது, இவைதான் அடையாளம். போதாக்குறைக்கு நமக்குத் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் உண்டு.

பில்லும் தருவார், லேப்டாப்பும் அவருடையது, தலைமுறை எண்ணும் சரி என்றால் நான்கில் இதுதான் மலிவு. குறை வந்தால் குறை சொல்ல முடியாது என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

## ஊர் சர்வீஸ் கடை

லேப்டாப்பைப் பற்றி அதிகம் தெரியாத, முதல்முறை வாங்குகிற வீட்டுக்கு நான் சொல்வது இதைத்தான். இரண்டாயிரம், மூவாயிரம் கூடுதலாக இருக்கும், இருக்கட்டும்.

கடை நல்ல கடையா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. வாங்கப் போகும்போது, ‘அண்ணாச்சி, எங்க வீட்ல ஒரு பழைய லேப்டாப் இருக்கு, எடுப்பீங்களா?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘பில்லும் ஆதார் ஜெராக்ஸும் கொண்டு வாங்க’ என்றால் அங்கே வாங்கலாம். ‘கொண்டு வாங்க பாத்துக்கலாம்’ என்று முடித்துவிட்டால், அதே கதவு வழியாக வேறு யார் என்ன கொண்டு வந்து கொடுத்திருப்பார்களோ!

பில்லில் மாடல் பெயர் மட்டும் போதாது, சீரியல் எண் இருக்க வேண்டும். தேதி, வாரண்டி எத்தனை மாதம், எதற்கெல்லாம் வாரண்டி என்பதையும் எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலும் கூலிக்கு மட்டும் வாரண்டி, பாகம் நீங்கள் வாங்கித் தர வேண்டும் என்பதாக இருக்கும். அதை முன்னாலேயே கேட்டுவிடுவது நல்லது. ஜிஎஸ்டி பதிவு உள்ள கடை என்றால் பதிவு எண் 15 இலக்கம், தமிழ்நாட்டுக் கடைக்கு 33 என்று தொடங்கும். அந்த எண்ணை ஜிஎஸ்டி தளத்தில் போட்டால் கடை பெயர் வரும். எல்லாச் சின்னக் கடைக்கும் பதிவு இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. பதிவு இல்லாவிட்டால் கடை சீல் வைத்த கைரசீதாவது வாங்க வேண்டும்.

‘பில் போட்டா 18 பர்சென்ட் கூடும்’ என்று பயமுறுத்துவார்கள். பழைய பொருள் வியாபாரி, தான் வாங்கிய விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் வரி கட்ட ஜிஎஸ்டியில் வழி இருக்கிறது. முழு விலைக்கும் 18 என்பது பல நேரம் பில் போடாமல் இருக்கச் சொல்லும் சாக்கு.

கடையில் வாங்கினால் சட்டப்படி நீங்கள் நுகர்வோர், பில் அதற்கு ஆதாரம். பிரச்சினை வந்தால் 1915 உதவி எண்ணுக்குச் சொல்லலாம், நாகர்கோவிலில் இருக்கும் நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கும் போகலாம். பக்கத்து வீட்டுக்காரரிடமோ ஓஎல்எக்ஸ் ஆளிடமோ வாங்கியதற்கு இந்த வழி இல்லை.

## ஓஎல்எக்ஸ், மார்க்கெட்பிளேஸ்

இங்கே ஆபத்து இரண்டு விதம். லேப்டாப்பே இல்லாமல் பணத்தைப் பிடுங்குவது ஒன்று. இருக்கும் லேப்டாப் திருட்டாக இருப்பது இன்னொன்று.

முதல் விதத்துக்கு ஒரு கதை நாடு முழுவதும் ஓடுகிறது. விற்பவர் ராணுவத்தில் இருப்பார், அல்லது ஏர்போர்ட்டைக் காக்கும் சிஐஎஸ்எஃப் படையில். டிரான்ஸ்ஃபர் வந்துவிட்டது, அதனால்தான் இந்த விலை. அடையாள அட்டையின் போட்டோவும் வரும், யூனிஃபார்மில் செல்ஃபியும் வரும். நமக்கோ திருவனந்தபுரம் ஏர்போர்ட்டும் அங்குள்ள பாங்கோடு ராணுவ முகாமும் பக்கம், தெருவுக்கு ஒரு பட்டாளத்துக்காரர் வீடும் இருக்கிறது. நம்பத்தான் தோன்றும். ‘நேர்ல வந்து பாக்கட்டுமா சார்?’ என்றால், ‘கேம்புக்குள்ள வெளியாள் வரக்கூடாது, பார்சல்ல அனுப்புறேன், பாதி அட்வான்ஸ் போடுங்க’ என்பார். அப்புறம் கேட் பாஸுக்கு ஒரு தொகை, திரும்பக் கிடைக்கும் டெபாசிட் என்று ஒரு தொகை. கொடுத்ததைத் திரும்பத் தருகிறேன் என்று ஒரு க்யூஆர் கோடும் வரும். யூபிஐயில் பணம் பெறுவதற்கு ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். பின் அடித்தால் உங்கள் கணக்கில் இருந்து போகிறது என்றுதான் பொருள்.

இதைத் தவிர்ப்பது சுலபம்: பொருளைக் கையில் தொடும் வரை ஒரு ரூபாய்கூட அனுப்பக் கூடாது. டோக்கன் அட்வான்ஸ் 500 ரூபாயும் சேர்த்துத்தான்.

இரண்டாவது விதம்தான் கஷ்டம். ஆள் நேரில் வருவார், லேப்டாப்பும் ஓடும். சந்திக்கிற இடத்தை நீங்கள் சொல்லுங்கள். வடசேரி பஸ் ஸ்டாண்டில் நின்றபடி பார்த்து வாங்குவதைவிட, தெரிந்த சர்வீஸ் கடைக்கு வரச் சொல்வது நல்லது. கடைக்காரருக்குச் சோதனைக் கூலியாகச் சில நூறு ரூபாய் கொடுக்கலாம். நேர்மையான ஆள் ‘சரி வாரேன்’ என்பார். மற்றவர் ‘டைம் இல்ல’ என்று நழுவிவிடுவார், உங்களுக்கும் அலைச்சல் மிச்சம். வந்தவரிடம் அசல் பில்லும் அடையாள அட்டை நகலும் வாங்கிக்கொண்டு, சீரியல் எண், தொகை, ‘இது என் சொந்தப் பொருள்’ என்ற வாக்கியம், கையெழுத்து எல்லாம் உள்ள ஒரு சீட்டும் எழுதி வாங்குங்கள். பணத்தை ரொக்கமாகக் கொடுக்காமல் அவர் பெயரில் உள்ள கணக்குக்கே அனுப்புங்கள். ஆதாரில் ஒரு பெயர், யூபிஐயில் வேறு பெயர் என்றால் எழுந்து வந்துவிடலாம்.

இவ்வளவும் செய்யத் தெரிந்தவருக்கு, வாங்கி ஒரு வருடம்கூட ஆகாத, கம்பெனி வாரண்டி மிச்சம் இருக்கிற லேப்டாப் இங்கே நல்ல விலைக்குச் சிக்கும். செய்ய முடியாதவர் இந்தப் பக்கமே போகாமல் இருப்பது நல்லது.

## திருவனந்தபுரம், சென்னை லீஸ் கடைகள்

பெரிய கம்பெனிகள் சில வருடத்துக்கு ஒருமுறை லேப்டாப்புகளை மொத்தமாகக் கழிக்கும். டெல் லாட்டிட்யூட், ஹெச்பி எலைட்புக், லெனோவா திங்க்பேட் போன்ற ஆபீஸ் மாடல்கள்தான் அதிகம். கீபோர்ட், கீல் எல்லாம் உழைக்கும், பாகமும் கிடைக்கும். நான்கு வருடம் படிக்கப் போகும் பிள்ளைக்கு இந்த மாதிரி ஒன்று, பளபளக்கும் கடை மாடலைவிட மேல் என்பேன். விளவங்கோடு, கிள்ளியூர் தாலுகாக்காரர்களுக்குத் திருவனந்தபுரம் ஒரு பஸ் தூரம்தான். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் தேர்வு அதிகம், ஆனால் ஒரு பழுதுக்காகத் திரும்ப ரயில் ஏற முடியுமா என்று யோசியுங்கள்.

கேரளக் கடை பில்லில் ஜிஎஸ்டி எண் 32 என்று தொடங்கும். ‘ஏ கிரேடு’, ‘பி கிரேடு’ என்பதற்குப் பொது அளவுகோல் கிடையாது, கடைக்குக் கடை மாறும். மொத்தமாக வந்தவை என்பதால் திருட்டு பயம் குறைவு. அதற்காகக் கம்பெனிக் கணக்கில் இருந்து எல்லா மெஷினையும் நீக்கியிருப்பார்கள் என்று எடுத்துக்கொள்ள முடியாது. கீழே சொல்லும் சோதனை இங்கேயும் வேண்டும்.

ஆன்லைனில் வாரண்டியோடு விற்கும் ரீஃபர்பிஷ்ட், அதாவது பழுது பார்த்துச் சரிசெய்த, லேப்டாப்பும் இந்த வகைதான். அங்கே திருப்பி அனுப்ப எத்தனை நாள் என்பதைப் பார்த்து, அந்த நாட்களுக்குள் எல்லாவற்றையும் சோதித்துவிட வேண்டும். பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுத்து வையுங்கள்.

## கையில் எடுத்ததும்

முதலில் கவிழ்த்துப் பாருங்கள். சீரியல் எண் ஸ்டிக்கர் இருக்க வேண்டும். பிளேடால் சுரண்டிய கீறலும் பிசின் பிசுபிசுப்பும் மட்டும் இருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். மூடியிலோ அடியிலோ ஒரு சின்னச் செவ்வகம் மட்டும் நிறம் மாறித் தெரிந்தால் அது கம்பெனியின் சொத்து எண் ஒட்டியிருந்த இடம். லீஸ் கடையில் அது சாதாரணம். ‘நானே புதுசா வாங்கினது’ என்று சொல்பவர் கையில் அது இருந்தால், கதை இடிக்கிறது.

அப்புறம் ஆன் செய்து பயாஸுக்குள் போங்கள். பாஸ்வேர்ட் கேட்டால் வேண்டாம். கேட்காவிட்டால் அங்கே காட்டும் சீரியல் எண், அடியில் உள்ள ஸ்டிக்கர், பில் மூன்றும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண்ணைத் தயாரித்த கம்பெனியின் தளத்தில் போட்டால் எந்த மாடல், வாரண்டி எப்போது முடிகிறது என்று வரும். ‘வாங்கி ஒரு வருஷம்தான் ஆச்சு’ என்பது உண்மையா என்று அதிலேயே தெரிந்துவிடும்.

விண்டோஸில் வேறு யாருடைய மெயிலும் குடும்பப் போட்டோக்களும் அப்படியே இருந்தால் கவனம் வேண்டும். தன் லேப்டாப்பை விற்பவர் அதையெல்லாம் அழித்துவிட்டுத்தான் கொண்டு வருவார்.

முக்கியமான சோதனை ரீசெட். அரை மணியோ ஒரு மணியோ ஆகும், டீ குடித்துவிட்டு வாருங்கள். ரீசெட் முடிந்து முதல் திரை வந்ததும் உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டில் இணைக்க வேண்டும். கம்பெனிப் பூட்டு நெட் இணைந்த பிறகுதான் முகத்தைக் காட்டும். அதனால்தான் சிலர் ‘நெட் வேண்டாம் அண்ணே, நான் போட்டுத் தாரேன்’ என்று அந்தத் திரையைத் தாண்டிக் கொடுப்பார்கள். ஏதோ ஒரு கம்பெனி பெயர் போட்டு வரவேற்று ஆபீஸ் மெயில் ஐடி கேட்டால், அது இன்னும் அந்தக் கம்பெனியின் பட்டியலில் இருக்கிறது. பூட்டிய மேக்புக் என்றால் பழைய ஆளின் ஆப்பிள் ஐடி கேட்கும். இரண்டிலும் பணம் கொடுக்காமல் வெளியே வருவதுதான் வழி.

கடைசியாகப் பேட்டரி. விண்டோஸிலேயே பேட்டரி ரிப்போர்ட் எடுக்கலாம். அதில் டிசைன் கெப்பாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி என்று இரண்டு எண் இருக்கும். 50,000-இல் 22,000 மட்டும் மிச்சம் என்றால் புதுப் பேட்டரி விலையைக் கழித்துக்கொண்டு பேசுங்கள்.

## பணம் போய்விட்டால்

ஆன்லைனில் பணம் போயிருந்தால் யோசித்துக்கொண்டிருக்காமல் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். பணம் கைமாறிக்கொண்டே போகும் கணக்குகளை எவ்வளவு சீக்கிரம் முடக்கச் சொல்கிறோமோ அவ்வளவுக்கு மீட்க வாய்ப்பு உண்டு. யூபிஐயின் 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். கோபத்தில் வாட்ஸ்அப் சாட்டை அழித்துவிடாதீர்கள், விளம்பரம் காணாமல் போவதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். நாகர்கோவிலில் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையம் இருக்கிறது, நேரிலும் புகார் கொடுக்கலாம்.

வாங்கிய லேப்டாப் திருட்டு என்று பிறகு தெரிய வந்தால் அதை இன்னொருவர் தலையில் கட்டிவிடலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். தெரிந்த பிறகு விற்றால் 317 உங்கள் மேல்தான் வரும். எழுதி வாங்கிய சீட்டு, அடையாள அட்டை நகல், பணம் அனுப்பிய ரசீது மூன்றையும் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போங்கள். முடிந்தால் ஒரு வக்கீலையும் கூட்டிக்கொண்டு.